பல்பு எடிசனைத் தெரியும்... பேட்டரி எடிசனைத் தெரியுமா?

மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா என்று ஷோரூம் பக்கம் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் போகும்? பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும்? மாற்றணும்னா எவ்வளவு ஆகும்? வெடிக்காதே? இதில் முதல் மூன்று கேள்விகளை 1900-ம் ஆண்டு வாக்கிலேயே அமெரிக்காவில் கார் வாங்க வந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கெல்லாம் பதில் நான் தருகிறேன் என்று இறங்கிய ஒருவர், வாழ்க்கையில் பத்து வருஷத்தையும் பத்து லட்சம் டாலருக்கு மேல் பணத்தையும் அதில் கொட்டினார். பெயர், தாமஸ் ஆல்வா எடிசன். நாலாவது கேள்வியும் அவரைத் தேடி வந்தது. அது கொஞ்சம் தாமதமாக, மோசமான விதத்தில் வந்தது.

எடிசன் என்றால் பல்பு, கிராமபோன், சினிமா என்றுதான் பள்ளிப் புத்தகம் சொல்கிறது. ஆனால் அவருடைய பிற்கால வாழ்க்கையில் அதிகம் லாபம் தந்த தயாரிப்பு எது தெரியுமா? பேட்டரிதான். எந்தக் காருக்காக அதை உருவாக்கினாரோ, அந்தக் காரைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அது ஓடியது என்பதுதான் வேடிக்கை.

ஆசிட் கொட்டியதால் போன வேலை

1847 பிப்ரவரி 11-ம் தேதி, ஒஹையோ மாநிலத்தின் மிலன் என்ற சின்ன ஊரில், ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார் எடிசன். பள்ளிக்கூடம் போனது சொற்ப மாதங்கள். ஆசிரியையாக இருந்த அம்மா நான்சிதான் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தார். 12 வயதில் போர்ட் ஹியூரன் - டெட்ராய்ட் ரயிலில் பேப்பரும் மிட்டாயும் விற்கும் பையன். சரக்குப் பெட்டியின் ஒரு மூலையில் பாட்டில்களை அடுக்கி ரசாயனச் சோதனை வேறு. சின்ன வயதிலேயே காது மந்தமாகிவிட்டது.

ஒரு நாள் ஸ்டேஷன் மாஸ்டரின் குழந்தை, உருண்டு வந்த ரயில் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. எடிசன் ஓடிப்போய்த் தூக்கினார். நன்றிக்கடனாக அந்த அப்பா தந்தி அடிக்கக் கற்றுக்கொடுத்தார். அப்புறம் பல ஊர்களில் தந்தி ஆபரேட்டர் வேலை.

அந்தக் காலத்துத் தந்தி முழுக்க பேட்டரியில் ஓடியது. கண்ணாடி ஜாடிகள் வரிசையாக நிற்கும். உள்ளே ரசாயனக் கரைசல், உலோகத் தகடுகள். அதோடு மல்லுக்கட்டித்தான் எடிசனுக்கு மின்சாரமே அறிமுகம். லூயிவில் நகரத்தின் தந்தி அலுவலகத்தில் 1867-ல் நடந்தது பிரபலமான கதை. இரவு ஷிப்ட்டில் பேட்டரியைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தபோது கந்தக அமிலம் தரையில் கொட்டியது. பலகைத் தரை. இடுக்கு வழியாக இறங்கிய ஆசிட், கீழ்த்தளத்தில் மேலதிகாரியின் மேஜை மேல் போய் விழுந்தது. மறுநாள் வேலை போச்சு.

அடுத்து வந்த 25 வருஷங்களை நாம் வேகமாகத் தாண்டிவிடலாம்: 1876-ல் மென்லோ பார்க் ஆய்வகம், 1877-ல் கிராமபோன், 1879-ல் மின்விளக்கு, 1882-ல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின் நிலையம். இந்தக் காலத்தில் பேட்டரி பற்றி அவருடைய அபிப்பிராயம் என்ன? சுத்தமாக நம்பிக்கை இல்லை. மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பேட்டரி என்பதே முதலீட்டாளர்களை ஏமாற்றும் வித்தை என்று 1883-ல் பத்திரிகைக்கே சொன்னவர் அவர்.

பிறகு சறுக்கல். 1892-ல் கம்பெனிகள் இணைந்து ஜெனரல் எலெக்ட்ரிக் உருவானபோது நிறுவனத்தின் பெயரிலிருந்து எடிசன் என்ற சொல்லே காணாமல் போனது. கையில் இருந்த பணத்தை நியூஜெர்சி மலையில் இரும்புத் தாதுவைப் பொடித்துக் காந்தத்தால் பிரிக்கும் திட்டத்தில் போட்டார். அதுவும் பெரும் நஷ்டம். 1899-ல் அவருக்கு 52 வயது. அடுத்து என்ன என்று தேடிக்கொண்டிருந்த நேரம் அது.

1900-ல் தெருவில் என்ன ஓடியது?

மின்சார கார் என்பது ஏதோ போன வருஷம் வந்த சமாச்சாரம் என்று நினைக்கிறோம் இல்லையா? 1900-ல் அமெரிக்காவில் தயாரான 4,192 மோட்டார் வண்டிகளில் 1,681 நீராவியில் ஓடியவை. 1,575 மின்சாரத்தில் ஓடியவை. பெட்ரோல் வண்டி வெறும் 936. அதற்கு முந்தின வருஷம்தான், 1899 ஏப்ரலில், காமில் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியக்காரர் பாரிஸ் அருகே மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாண்டினார். சாலை வண்டி ஒன்று அந்த வேகத்தைத் தொட்டது அதுதான் முதல் முறை. அது ஒரு மின்சார கார்!

பெட்ரோல் காரில் சத்தம், புகை, நாற்றம். ஸ்டார்ட் பண்ண முன்னால் போய் ஹேண்டிலைச் சுற்றணும். எசகுபிசகாகத் திரும்பி அடித்தால் கை உடையும். மின்சார காரில் அந்தத் தொல்லை எதுவும் இல்லை. தொல்லை எல்லாம் பேட்டரியில்தான் இருந்தது.

நம் வீட்டு இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறோமே, அந்த லெட் ஆசிட் பேட்டரிதான் அன்றைக்கும். காரீயத் தகடுகள், கந்தக அமிலம். எடை தூக்கி அடிக்கும். ஒவ்வொரு தடவை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் தகட்டில் பூசிய பொருள் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். குண்டு குழியில் வண்டி ஆடினால் இன்னும் சீக்கிரம் உதிரும். அலமாரியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியே சில வருஷத்தில் படுத்துவிடுகிறது என்றால், கல் பாவிய ரோட்டில் குலுங்கிய அந்தப் பேட்டரிகளின் கதியை யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு குட்டித் திருப்பம். 1896-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு விருந்தில், டெட்ராய்ட் எடிசன் மின் கம்பெனியின் இளம் இன்ஜினீயர் ஒருவர், தான் செய்த பெட்ரோல் வண்டியைப் பற்றி எடிசனிடம் படம் போட்டு விளக்கினார். எடிசன் மேஜையைத் தட்டி உற்சாகப்படுத்தினார். மின்சார கார் மின் நிலையத்தை விட்டுத் தூரம் போக முடியாது, பேட்டரி கனம், உன் வண்டி தனக்கு வேண்டியதைத் தானே சுமந்துபோகிறது, விடாதே என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அந்த இன்ஜினீயர் பெயர் ஹென்றி ஃபோர்டு. மூன்றே வருஷத்தில் எடிசன், தானே குறை சொன்ன அந்த மின்சார காரைக் காப்பாற்றப் புறப்பட்டார்.

துருவை வைத்து ஒரு பேட்டரி

அவருடைய முதல் முடிவு, ஆசிட்டே வேண்டாம் என்பது. அமிலம் இருக்கும்வரை அது எதையாவது அரித்துக்கொண்டுதான் இருக்கும். அதற்குப் பதில் காரக் கரைசல், அதாவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. இதில் எஃகு அரிக்காது. பேட்டரிப் பெட்டியையே எஃகில் செய்யலாம். ஆனால் அந்தக் கரைசலில் எந்த இரண்டு உலோகங்கள் ஒத்துப்போகும்? தாமிரம், காட்மியம், கோபால்ட் என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பக்கம் இரும்பு, மறுபக்கம் நிக்கல் என்று முடிவானது.

இது எப்படி வேலை செய்கிறது? ரொம்ப எளிமையாகச் சொன்னால், இரும்பைத் துருப்பிடிக்க விட்டு, துருவை மறுபடி இரும்பாக்கும் வித்தை. மின்சாரம் எடுக்கும்போது இரும்பு ஹைட்ராக்சைடாக மாறுகிறது. அதாவது ஒரு வகைத் துரு. அப்போது வெளியேறும் எலெக்ட்ரான்கள் மோட்டாரைச் சுற்றிவிட்டு நிக்கல் பக்கம் போய்ச் சேர்கின்றன. சார்ஜ் போட்டால் எல்லாம் திரும்பி நடக்கும், துரு மறுபடி இரும்பாகும். நடுவில் இருக்கும் கரைசல் கிட்டத்தட்ட செலவாவதே இல்லை.

இதே யோசனை அதே சமயத்தில் ஸ்வீடனில் வால்டமார் யுங்னர் என்பவருக்கும் வந்திருந்தது. நிக்கல்-இரும்பு மட்டுமில்லை, நிக்கல்-காட்மியம் பேட்டரியையும் உருவாக்கியவர் அவர். இருவருக்கும் காப்புரிமைச் சண்டை நடந்தது. யுங்னர் பெயர் இன்று பலருக்குத் தெரியாததற்கு, எதிரே நின்றவர் எடிசன் என்பதும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது.

1901-ல் எடிசன் ஸ்டோரேஜ் பேட்டரி கம்பெனி தொடங்கியது. பத்திரிகைகளில் ஒரே ஆரவாரம். இனிமேல் குதிரைக்கு வேலையில்லை என்கிற அளவுக்குப் பேச்சு. பொருள் தயாராகும் முன்பே பேட்டி கொடுத்துவிடும் பழக்கம் எடிசனுக்கு எப்போதும் உண்டு. இன்றைய ஸ்டார்ட்அப் நிறுவனர்கள் பலருக்கு அவர்தான் குருவோ என்னவோ. 1903-ல் மாடல் ஈ என்ற பேட்டரி சந்தைக்கு வந்தது.

வந்த வேகத்தில் புகார்களும் வந்தன. பெட்டியின் இணைப்புகளில் கரைசல் கசிந்தது. அதைவிட மோசம், கொஞ்ச நாள் ஓடியதும் சில பேட்டரிகளின் கொள்ளளவு சரசரவென இறங்கியது. இன்றைக்கு வாரண்டி கேட்டு வாடிக்கையாளர் நிற்பதுபோலத்தான் அன்றும் நின்றார்கள். வியாபாரம் அப்படி ஒன்றும் படுக்கவில்லை. குறைகளோடு விற்றாலும் வாங்க ஆள் இருந்தது. ஆனாலும் 1904 கடைசியில் எடிசன் உற்பத்தியை நிறுத்தினார். பழுதான பேட்டரிகளைத் தன் செலவில் திரும்ப வாங்கிக்கொண்டார். மறுபடி ஆய்வகத்துக்குள் போனவர் வெளியே வர இன்னும் ஐந்து வருஷம் ஆனது. இரும்புத் தாதுவில் ஏற்கெனவே கையைச் சுட்டுக்கொண்ட மனிதர் அவர் என்பதை நினைவில் வையுங்கள்.

சிக்கல் நிக்கல் பக்கத்தில் இருந்தது. நிக்கல் ஹைட்ராக்சைடு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதனால் கிராஃபைட் துகளைக் கலந்திருந்தார்கள். சார்ஜ் ஏறி இறங்கும்போது அந்தக் கலவை உப்பியது, சுருங்கியது. கிராஃபைட்டும் மெல்ல மெல்லக் கெட்டது. கடைசியில் துகளுக்கும் துகளுக்கும் தொடர்பு அறுந்துபோனது. உங்கள் பழைய போன் பேட்டரி சீக்கிரம் இறங்குவதற்கும், சார்ஜ் ஏறி இறங்கும்போது உள்ளே இருக்கும் பொருள் விரிந்து சுருங்கி விரிசல் விடுவது ஒரு காரணம்.

கிடைத்த தீர்வு அசாத்தியமானது. முதலில் கிராஃபைட்டைத் தூக்கிவிட்டு, சுத்தமான நிக்கலில் மிக மெல்லிய செதில்கள் செய்தார்கள். எப்படி? தாமிரம் ஒரு பூச்சு, அதன் மேல் நிக்கல் ஒரு பூச்சு, மறுபடி தாமிரம் என்று மின்முலாம் பூசிக்கொண்டே போவது. கடைசியில் அந்தத் தகட்டைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி, தாமிரத்தை மட்டும் கரைத்துவிடுவது. மிஞ்சுவது காற்றில் பறக்கும் நிக்கல் செதில். பிறகு, துளையிட்ட மெல்லிய எஃகுக் குழாய்க்குள் நிக்கல் ஹைட்ராக்சைடு ஓர் அடுக்கு, செதில் ஓர் அடுக்கு என்று நூற்றுக்கணக்கான அடுக்குகளாகக் கெட்டித்து அடைத்தார்கள். உப்பினால் குழாய் பிளக்காமல் இருக்கச் சுற்றிலும் எஃகு வளையங்கள் போட்டார்கள்.

இன்னொரு விஷயம். கரைசலில் கொஞ்சம் லித்தியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் கொள்ளளவு கூடுகிறது, ஆயுளும் நீள்கிறது என்று கண்டுபிடித்து அதற்கும் காப்புரிமை வாங்கினார். ஆம், லித்தியம்தான்! இன்றைய லித்தியம்-அயான் பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே அது பாயசத்தில் போட்ட ஏலக்காய் மாதிரி, அளவாக ஒரு சிட்டிகை. ஆனாலும் மின்சார காருக்கான பேட்டரியில் லித்தியம் நுழைந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

தோற்ற சோதனைகளை எல்லாம் தோல்வியாகப் பார்க்கவில்லை, வேலைக்கு ஆகாத ஆயிரக்கணக்கான வழிகளைக் கண்டுபிடித்ததாகப் பார்த்தார் என்று எடிசனைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுமே, அது பல்பைப் பற்றியது என்றுதான் எல்லோரும் பகிர்கிறார்கள். உண்மையில் அது இந்தப் பேட்டரிக் காலத்தில் நடந்ததாக அவருடைய கூட்டாளி வால்டர் மாலரி சொன்ன கதை. 1910-ல் வெளிவந்த எடிசன் வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

ஜெயித்தது, ஆனால்...

1909-ல் புதிய பேட்டரி வந்தது. இந்த முறை சொன்னதைச் செய்தது. முழுசாக இறக்கினாலும், அதிகமாக ஏற்றினாலும், மாசக்கணக்கில் சும்மா போட்டாலும் தாங்கியது. பல வருஷங்கள் உழைத்தது. டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற கார் கம்பெனி 1911 முதல் இதைக் கூடுதல் விலைக்குப் பொருத்திக் கொடுத்தது. ஒரு சார்ஜுக்கு சுமார் 130 கி.மீ. ஓடும் என்று விளம்பரம். ஒரு சோதனை ஓட்டத்தில் 340 கி.மீ. வரை போயிருக்கிறது. வேகம் மட்டும் மணிக்கு 32 கி.மீ. அளவில்தான். ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியதும் டெட்ராய்ட் எலெக்ட்ரிக் கார்தான்!

ஆனால் எடிசன் ஆய்வகத்தில் இருந்த ஐந்து வருஷத்தில் வெளியே உலகம் நிற்கவில்லை. 1908 அக்டோபரில் ஃபோர்டின் மாடல் டி வந்தது. ஆரம்ப விலை 850 டாலர். வருஷா வருஷம் விலை இறங்கி, 1916-ல் 400 டாலருக்கும் கீழே போனது. டெட்ராய்ட் எலெக்ட்ரிக்கில் எடிசன் பேட்டரி வேண்டுமென்றால் பேட்டரிக்கு மட்டும் 600 டாலர் கூடுதல். அதே பணத்துக்குக் கொஞ்ச நாளில் ஒரு முழு ஃபோர்டு காரே கிடைத்தது. எத்தனை நல்ல பேட்டரியாக இருந்தால்தான் என்ன?

அடுத்த அடி 1912-ல். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் காடிலாக் காரில் வந்தது. ஹேண்டில் சுற்றும் தொல்லை ஒழிந்தது. பெட்ரோல் காரின் பெரிய குறையைத் தீர்த்துவைத்ததே ஒரு பேட்டரிதான், அதுவும் எடிசன் ஒழிக்க நினைத்த லெட் ஆசிட். ஸ்டார்ட்டருக்கு ஒரு நொடியில் பெரிய கரண்ட் வேண்டும். குளிரில் உறைந்த இன்ஜினைத் திருப்பணும். நிக்கல்-இரும்பு பேட்டரிக்கு அதுதான் வராது. உள்ளே மின்தடை அதிகம், குளிர் கண்டால் சுருண்டுவிடும். நெடுந்தூரம் நடக்கத் தெரிந்த ஆளை நூறு மீட்டர் ஓடச் சொன்ன கதை.

ஃபோர்டு நண்பரைக் கைவிடவில்லை. கடன் கொடுத்தார். இருவரும் சேர்ந்து மலிவு விலை மின்சார கார் கொண்டுவரப்போவதாக 1914-ல் செய்தி வந்தது. சோதனை வண்டிகளும் செய்தார்கள். ஆனால் கார் கடைக்கு வரவே இல்லை.

பேட்டரி அதற்குள் வேறு வேலை தேடிக்கொண்டது. ரயில்வே சிக்னல், ரயில் பெட்டி விளக்கு, கிராமத்துப் பண்ணை வீட்டு விளக்கு, தொழிற்சாலைக்குள் சரக்கு இழுக்கும் வண்டி, தினமும் ஒரே ரூட்டில் போய்வரும் டெலிவரி வேன். எனக்குக் கேட்டால் இதில் பெரிய விஷயம் சுரங்கத் தொழிலாளியின் தொப்பி விளக்குதான். அதுவரை தீ எரியும் விளக்கைத் தலையில் வைத்துக்கொண்டுதான் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போனார்கள். மீத்தேன் வாயு இருந்தால் அவ்வளவுதான். இடுப்பில் எடிசன் பேட்டரி, தொப்பியில் பல்பு என்று ஆனபிறகு அந்த ஆபத்து பெரிதும் குறைந்தது.

நாலாவது கேள்வி

நீர்மூழ்கிக் கப்பல்களிலும் லெட் ஆசிட்தான் இருந்தது. கடல்நீர் உள்ளே புகுந்து ஆசிட்டோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய இரும்புப் பெட்டிக்குள் அது மரணம். எங்கள் பேட்டரியில் ஆசிட்டே இல்லை, ஆகவே பாதுகாப்பு என்பது எடிசன் கம்பெனியின் வாதம். அமெரிக்கக் கடற்படை ஈ-2 என்ற நீர்மூழ்கியில் அதைப் பொருத்திப் பார்த்தது.

1916 ஜனவரி 15. புரூக்ளின் கடற்படைத் தளத்தில் நின்றிருந்த ஈ-2 வெடித்தது. கப்பலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். காரணம் ஹைட்ரஜன். நிக்கல்-இரும்பு பேட்டரியில் கொடுக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதி, கரைசலில் உள்ள தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும். காற்றோட்டம் போதாத இடத்தில் ஹைட்ரஜன் சேர்ந்தால் ஒரு பொறி போதும். குளோரின் இல்லை என்ற வாதம் சரிதான். ஹைட்ரஜன் உண்டு என்பதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. பேட்டரி மேல் தப்பில்லை, காற்றோட்டம்தான் சரியில்லை என்று எடிசன் தரப்பு வாதாடியது. விசாரணை, பத்திரிகைச் செய்தி எல்லாம் முடிந்தபோது நீர்மூழ்கி வியாபாரமும் முடிந்திருந்தது. அப்போது கடற்படையின் ஆலோசனைக் குழுவுக்கே எடிசன்தான் தலைவர் என்பது இன்னும் சங்கடம்.

1931 அக்டோபர் 18-ம் தேதி, 84 வயதில், நியூஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்ச் நகரில் உள்ள வீட்டில் எடிசன் இறந்தார். அவர் பேட்டரி அவரைவிட நீண்ட காலம் வாழ்ந்தது. 1972-ல் எக்ஸைட் நிறுவனம் அந்தத் தொழிலை வாங்கியது. 1975-ல் உற்பத்தியை நிறுத்தியது.

சரி, இன்றைய வண்டியில் ஏன் அது இல்லை? எடைதான். ஒரு கிலோ லித்தியம்-அயான் பேட்டரி சுமார் 150 முதல் 250 வாட்-மணி வரை சேமிக்கும். நிக்கல்-இரும்பு அதிகபட்சம் 50-ஐத் தொடும். ஒரு செல்லின் மின்னழுத்தம் 1.2 வோல்ட். லித்தியத்தில் 3 வோல்ட்டுக்கு மேல். சும்மா வைத்தாலும் மாசத்துக்கு 20, 30 சதவீதம் சார்ஜ் தானாகக் கரைந்துவிடும். ஆனால் அவருடைய நிக்கல் வழி அப்படியே செத்துப்போகவில்லை. 1997-ல் வந்த டொயோட்டா பிரியஸ் காரின் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியிலும் ஒரு பக்கம் அதே நிக்கல் ஹைட்ராக்சைடு, நடுவில் அதே காரக் கரைசல். 2012-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஹாங்ஜி தாய் குழு, இரும்பையும் நிக்கலையும் கிராஃபீன், கார்பன் நானோகுழாய் மேல் வளர்த்து, சில நிமிடங்களில் சார்ஜ் ஏறும் நிக்கல்-இரும்பு பேட்டரியைச் செய்து காட்டியது. கிராஃபைட் கெட்டுப்போனதால் ஐந்து வருஷம் உள்ளே அடைந்து கிடந்தவரின் பேட்டரிக்கு, கார்பனே திரும்பி வந்து உதவி செய்தது.

ஈ-2 கப்பலை வெடிக்க வைத்த ஹைட்ரஜனுக்கும் ஓர் ஆள் வந்தார். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஃபோக்கோ முல்டர் குழு உருவாக்கிய கருவி, அடிப்படையில் எடிசனின் பேட்டரிதான். காற்றாலை, சூரிய மின்சாரத்தை முதலில் அதில் சேமிப்பார்கள். பேட்டரி நிறைந்தபின்னும் மின்சாரம் வந்துகொண்டே இருந்தால் அது தண்ணீரைப் பிரிக்க ஆரம்பிக்கும். கிளம்பும் ஹைட்ரஜனை அப்படியே பிடித்து எரிபொருளாகச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.